உள்ளங்கையில் 15 வாட்

கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கருவி வாங்கக் கடைக்குப் போனால், விற்பவர் நான்கு எண்களைச் சொல்வார். திரை எத்தனை அங்குலம், நொடிக்கு எத்தனை படம், எத்தனை ஜிபி, என்ன விலை. இந்த நான்கையும் ஆட்டிவைக்கிற ஐந்தாவது எண் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை; பெட்டியிலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓடும்போது கருவி எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்பதுதான் அது.

மேசைக் கணினிக்கு இந்தக் கவலை கிடையாது. சுவரில் செருகிவிட்டால் 300 வாட்டோ 500 வாட்டோ இழுத்துக்கொள்ளும், வெப்பத்தைப் பெரிய விசிறிகளால் வெளியே தள்ளிவிடும். கைக்கருவி ஒவ்வொரு வாட்டையும் தன் வயிற்றுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எடுத்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறி, நாம் பிடித்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே சேர்கிறது. பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடி மணிக்கட்டு வலிக்கும். சிறிதாக்கினால் பயணத்தில் திருச்சி தாண்டுவதற்குள் அணைந்துவிடும். எந்தக் கருவி வாங்குவது, அதற்கு என்னென்ன துணைப்பொருள் தேவை என்ற இரண்டு கேள்விக்கும் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை உலகத்துக்குத் தெளிவாகப் போட்டுக் காட்டியவர் ஜப்பானின் குன்பெய் யோகோய். கியோட்டோவில் இருக்கும் நிண்டெண்டோ, சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் நிறுவனமாக இருந்த காலத்தில், 1965-இல், இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். 1980-இல் வந்த கேம் அண்ட் வாட்ச் கைக்கருவி அவருடைய ஆக்கம். 1989 ஏப்ரலில் வெளிவந்த கேம் பாய் கருவியை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைவர். அதன் திரையில் 160-க்கு 144 பிக்சல்தான். வண்ணம் இல்லை, பச்சை படர்ந்த நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் லிங்க்ஸும் அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியரும் வந்தன. இரண்டிலும் வண்ணத் திரை, பின்விளக்கு. அருகருகே வைத்துப் பார்த்தால் கேம் பாய் பரிதாபமாகத் தெரியும்.

ஆனால் கேம் கியரின் திரைக்குப் பின்னால் எரிந்தது ஒரு சின்ன ஒளிர்குழல். ஆறு ஏஏ செல்களை அது மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. லிங்க்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். கேம் பாய் நான்கே செல்லில் ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடியது. நான்கு ஏஏ செல்களில் அடங்கிய ஆற்றல் சுமார் 10 வாட்-மணி. அதை 15-ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கும் குறைவு வரும். பள்ளிக்கூடப் பிள்ளை தன் கைக்காசில் செல் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகும் அளவு அதுதான். பின்னால் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது. நன்றாகப் பழகி, விலை இறங்கி, குறை நிறை எல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய வேலைக்குத் திருப்பு என்பது யோகோயின் கொள்கை. இன்றைக்கு 70,000 ரூபாய்க் கருவி வாங்குபவரும் அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் காலத்துக் கருவிகளின் கணக்குக்கு வருவோம். பேட்டரியை விளம்பரங்கள் மில்லி ஆம்பியர்-மணியில் சொல்லும். அதை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிட முடியாது, ஏனென்றால் வோல்ட் வேறுபடும். இரண்டையும் பெருக்கி வாட்-மணியாக மாற்றிக்கொள்ள வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்சில் 4310 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட். பெருக்கினால் 16 வாட்-மணி. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022-இல் 40 வாட்-மணியோடு வந்தது. 2023 நவம்பரில் வந்த அதன் ஓலெட் வகையில் 50. ஏசூஸின் ராக் அல்லையில் 40, அதற்கு அடுத்த ஆண்டு வந்த அல்லை எக்ஸில் 80. இந்த எண்ணைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும்.

ஸ்டீம் டெக்கின் சிப் 4 வாட்டிலிருந்து 15 வாட் வரை இழுக்கும்படி வரம்பிடப்பட்டிருக்கிறது. சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டு ஓடும்போது சிப் 15-ஐத் தொட்டுவிடும். திரை, நினைவகம், விசிறி, வைஃபை எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 20 வாட். 50-ஐ 20-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். அதே கருவியில் ஸ்டார்ட்யூ வேலி போன்ற சிறிய இருபரிமாண விளையாட்டை ஓட்டினால் மொத்தமே 7, 8 வாட்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும். ராக் அல்லையின் டர்போ நிலையில் சிப் மட்டுமே 25 வாட் எடுக்கும். 40 வாட்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலே பெரிது. "எட்டு மணி நேரம் வரை" என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது எந்த விளையாட்டுக்கு என்று கேட்காமல் நம்பக் கூடாது.

சிப்பின் நுணுக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஸ்விட்சே நல்ல சான்று. 2017 மார்ச்சில் வந்த முதல் ஸ்விட்ச் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடும் என்று நிண்டெண்டோ சொன்னது. 2019-இல் அதே உருவில், அதே 16 வாட்-மணி பேட்டரியோடு ஒரு திருத்திய பதிப்பு வந்தது. அது நான்கரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடியது. செல்டா வரிசையின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டு மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்கு ஏறியது. வகுத்துப் பாருங்கள்: அந்த விளையாட்டுக்குத் தேவைப்பட்டது 5.3 வாட்டிலிருந்து 2.9 வாட்டுக்கு இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்த சிப்பை 20 நானோமீட்டர் முறையிலிருந்து 16 நானோமீட்டர் முறைக்கு மாற்றியதே காரணம். பழைய ஸ்விட்ச் வாங்குபவர் கருவியின் அடியில் இருக்கும் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். 'எக்ஸ்கே' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் திருத்திய பதிப்பு, 'எக்ஸ்ஏ' என்றால் பழையது. விலையில் சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆசைப்பட்டு இதைத் தவறவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஏன் வேகத்தைக் கூட்டும்போது மின்சாரம் அதைவிடப் பல மடங்கு கூடுகிறது? சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறை மாறும்போதும் செலவாகும் ஆற்றல், வோல்ட்டின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாற வேண்டும், அதற்கு வோல்ட்டையும் கூட்ட வேண்டும். ஆக, வேகம் ஒரு முறையும் வோல்ட் இரு முறையும் பெருக்கலில் வந்து உட்கார்கின்றன. சிப் தன் உச்ச வேகத்தை நெருங்கும் பகுதியில், செலவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51 வரும். வேகத்தில் 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் மின்செலவு பாதியாகக் குறையும் என்று இதற்குப் பொருள். ஸ்கூட்டரை 80-இல் முறுக்காமல் 55-இல் ஓட்டுகிறவருக்கு மைலேஜ் கிடைப்பது போலத்தான்.

இந்த உண்மையைப் பயன்படுத்தத் தெரிந்தால் கருவியின் ஆயுளே மாறும். ஸ்டீம் டெக்கிலும் ராக் அல்லையிலும் சிப்பின் வாட் வரம்பையும் நொடிக்கு எத்தனை படம் என்பதையும் நாமே குறைத்து வைக்கலாம். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. 30 படம் என்றால் 33.3 மில்லி நொடி. இரண்டுக்கும் நட்ட நடுவில் இருப்பது 25 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 40 படம். எண்ணிக்கையில் 30-க்குப் பக்கத்தில் இருந்தாலும், நம் விரலும் கண்ணும் உணரும் தாமதத்தில் 40 என்பது சரிபாதி வழி. 60-லிருந்து 40-க்கு இறங்கினால் சிப்பின் வேலையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கதை சொல்லும் விளையாட்டுகளுக்கு 40 தாராளம். கார் பந்தயத்துக்கும் சண்டைக்கும் 60 வேண்டும்.

ஆகவே வாங்குவதற்கு முன்னால், நாம் உண்மையில் எதை விளையாடப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. பட்டியலில் பெரும்பாலும் சின்ன, கையால் வரைந்த விளையாட்டுகள் இருந்தால் விலையுயர்ந்த கருவி வீண். 2023-இல் வந்த 'வெண்பா' ஓர் எடுத்துக்காட்டு. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியிலிருந்து தொடங்கிச் சமைத்துக்கொண்டே போக வேண்டும். டொரோன்டோவின் விசை கேம்ஸ் குழு செய்தது. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது. இந்த விளையாட்டு சாதாரண ஸ்விட்சிலேயே அழகாக ஓடும். இரண்டு, மூன்று வாட் போதும் என்ற இடத்தில் 25 வாட் கருவியை ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை இப்படி இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும், குடும்பமாக உட்கார்ந்து விளையாடுபவர்களுக்கும் ஸ்விட்ச் வரிசை. அதில் 275 கிராம் எடையுள்ள ஸ்விட்ச் லைட் பேருந்துப் பயணத்துக்கு அருமை, ஆனால் அதைத் தொலைக்காட்சியில் இணைக்கவே முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கணினியில் ஸ்டீம் தளத்தில் ஏற்கனவே விளையாட்டுகள் வாங்கி வைத்திருப்பவருக்கு ஸ்டீம் டெக், ஏனென்றால் அந்த நூலகம் அப்படியே கைக்கு வந்துவிடும். விண்டோஸில் மட்டுமே ஓடும் இணைய விளையாட்டுகள் வேண்டும் என்பவருக்கு ராக் அல்லை போன்றவை. வீட்டில் ஏற்கனவே பிளேஸ்டேஷன் 5 இருந்தால், 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலையும் யோசிக்கலாம். கணக்கெல்லாம் பெரிய கருவியில் நடக்கிறது, கையில் இருப்பது வைஃபை வழியாக வரும் படத்தைக் காட்டுகிறது. அதனால் வாட் குறைவு, சூடும் குறைவு. வைஃபை தடுமாறினால் விளையாட்டும் தடுமாறும்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 வேகத்தில் பெரிய தாவல். 7.9 அங்குலத் திரை, நொடிக்கு 120 படம் வரை. ஆனால் கட்டுப்படுத்திகளோடு சேர்த்து 534 கிராம் எடை, பேட்டரி இரண்டு முதல் ஆறரை மணி நேரம் என்று நிண்டெண்டோவே சொல்கிறது. முதல் ஸ்விட்சின் கணக்குக்கே திரும்பியிருக்கிறார்கள். இன்னொன்று: ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் நம் ஊரில் பெரும்பாலும் இறக்குமதியாளர்கள் வழியாகவே வருகின்றன. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கினால், பழுது பார்த்துத் தருவது யார் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திரைக்கு வருவோம். இங்கேயும் எண்கள் ஏமாற்றும். இயல்பான கூர்மையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். கருவியை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அந்தக் கோணத்துக்குள் அடங்குவது 0.116 மில்லிமீட்டர். 7 அங்குலத் திரையில் 1280-க்கு 800 பிக்சல் என்றால் ஒரு பிக்சலின் அகலம் 0.118 மில்லிமீட்டர். முதல் ஸ்டீம் டெக்கின் திரையை வடிவமைத்தவர்கள் கண்ணின் எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அதே 7 அங்குலத்தில் 1920-க்கு 1080 வைத்தால் பிக்சல் எண்ணிக்கை இருமடங்கு, சிப்பின் வேலையும் அதற்கேற்பக் கூடும். கிடைக்கும் கூடுதல் நுணுக்கத்தை 40 சென்டிமீட்டரில் பெரும்பாலான கண்கள் கவனிக்கா. பிள்ளைகள் முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார்கள், அப்போது வித்தியாசம் தெரியும். ஆனால் அவர்களைத் தள்ளிப் பிடிக்கச் சொல்வதுதான் கண்ணுக்கும் நல்லது. கைக்கருவியில் அதிகப் பிக்சலுக்காக அதிகப் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஓலெட் திரைக்குக் கொடுக்கும் பணம் வேறு வகை. எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரியும், கருப்புக் காட்சியிலும் எரியும், பிக்சல்கள் அதை மறைக்க முயலும். மறைத்தும் கொஞ்சம் கசியும். அதனால்தான் இருட்டறையில் எல்சிடியின் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, கருப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடுகிறது. பிக்சல் நிறம் மாறும் வேகமும் அதிகம், வேகமாக ஓடும் காட்சி கலங்காது. குறை, நீலப் பிக்சல்கள் மற்றவற்றைவிட விரைவில் தேய்வது. ஒரே விளையாட்டின் மதிப்பெண் பட்டை ஆயிரக்கணக்கான மணி நேரம் ஒரே மூலையில் நின்றால் தடம் பதியலாம். வெளிச்சத்தை உச்சத்தில் வைக்காமல் இருந்தால் போதும், இதற்குப் பயந்து ஓலெட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை.

பழைய விளையாட்டுகளுக்கென்றே வரும் சீனத் தயாரிப்புகளில் திரைக் கணக்கு இன்னும் சுவையானது. கேம் பாய் அட்வான்ஸின் திரை 240-க்கு 160. அதை 640-க்கு 480 திரையில் அகலம் முழுக்க விரித்தால் ஒவ்வொரு பழைய பிக்சலும் 2.67 புதிய பிக்சலாக வேண்டும். பின்னத்தில் பிக்சல் கிடையாது. சில பிக்சல் இரண்டாகவும் சில மூன்றாகவும் விரியும், காட்சி நகரும்போது ஓரங்கள் நடுங்கும். 720-க்கு 480 திரை வைத்த ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் போன்ற கருவியில் சரியாக மூன்று மடங்கு, ஒவ்வொரு பிக்சலும் கச்சிதமாக உட்காரும். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இலவசம் என்று கார்டில் ஏற்றித் தருவார்கள். அவை திருட்டுப் பிரதிகள். வாங்காதீர்கள், வாங்கவும் சொல்லாதீர்கள்.

இனி ஸ்டிக். கைக்கருவிகளில் முதலில் பழுதாகும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. பெருவிரலால் அசைக்கும் அந்தச் சின்னக் குமிழின் பக்கவாட்டில் இரண்டு நுண்ணிய பெட்டிகள் இருக்கும், மேல்கீழ் அசைவுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று. அதில் ஒன்றைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், தகட்டின் மேல் பிறைநிலா வடிவில் கருப்புக் கரிப்பூச்சு தெரியும். அதன் மேல் மயிரிழை மாதிரி மெல்லிய உலோகக் கால்கள் உரசிக்கொண்டு நகரும். கால் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும், வோல்ட் மாறும், அந்த வோல்ட்டைப் படித்துத்தான் நாயகன் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று கருவி முடிவெடுக்கிறது. லட்சக்கணக்கான முறை உரசிய பின் கரி தேய்ந்து பொடியாகிறது. ஸ்டிக் எப்போதும் நடுவுக்கே திரும்புவதால், அந்த நடு இடம்தான் முதலில் பள்ளமாகிறது. பிறகு விரலை எடுத்தாலும் வோல்ட் நடுப்புள்ளிக்கு வராது. யாரும் தொடாமலே நாயகன் தானாக ஒரு பக்கம் நடந்துபோவான். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். முதல் ஸ்விட்சின் ஜாய்-கான் கட்டுப்படுத்திகளில் இந்தப் புகார் உலகெங்கும் எழுந்தது. 2020-இல் நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

மாற்று வழி 1879-லேயே கிடைத்துவிட்டது. மின்சாரம் பாயும் மெல்லிய தங்கத் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால், குறுக்குவாட்டில் ஒரு சிறு வோல்ட் தோன்றுவதை அமெரிக்க மாணவர் எட்வின் ஹால் கண்டார். அதே விளைவை வைத்து ஸ்டிக்கின் அடியில் காந்தத் துண்டைப் பொருத்தி, தொடாமலே அதன் இருப்பிடத்தை உணரலாம். உரசல் இல்லை, அதனால் அந்தத் தேய்மானமும் இல்லை. 1998-இல் சேகாவின் டிரீம்காஸ்ட் கட்டுப்படுத்தியில் இந்த முறை இருந்தது. பிறகு ஏறக்குறைய எல்லோரும் செலவு குறைவான கரிப்பூச்சுக்கே போய்விட்டார்கள் என்பது எனக்கு ஆறாத குறை. லெனோவோவின் லீஜியன் கோ உள்ளிட்ட சில கருவிகளில் ஹால் ஸ்டிக் இப்போது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. ஸ்விட்ச் 2-இல் இல்லை என்று நிண்டெண்டோ கூறியிருக்கிறது. ஸ்விட்சுக்கும் ஸ்டீம் டெக்குக்கும் தனியாக ஹால் ஸ்டிக் விற்கிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்தபின், கை பழகிய பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். துணைப்பொருளில் செலவழிக்கும் பணத்தில் மிக நல்ல பணம் அது என்பேன்.

நம் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2022 கோடையில் ஐரோப்பா வெந்துகொண்டிருந்தபோது, ஸ்டீம் டெக் 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில்தான் நன்றாக இயங்கும் என்று வால்வ் நினைவூட்டியது. ஸ்விட்சுக்கு நிண்டெண்டோ சொன்னதும் 5 முதல் 35 டிகிரி. சென்னையிலும் வேலூரிலும் மே மாத மதியத்தில் நிழலிலேயே இதைத் தாண்டிவிடும். விசிறி வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது, காற்றே 40 டிகிரி என்றால் அதைவிடக் குளிர்ச்சியாக உள்ளே எதுவும் ஆகாது. சிப் ஓர் எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் அது தப்பிவிடும். பேட்டரிக்கு அந்த வசதி இல்லை. வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரியின் வேதிப்பொருள்கள் சிதைவது விரைவாகும். மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்து விளையாடினால் பின்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். விளையாடி முடித்த சூட்டோடு உறைக்குள் போட்டுச் சார்ஜ் ஏற்றுவது அதைவிடக் கெடுதல். 80 அல்லது 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி ஸ்டீம் டெக், ஸ்விட்ச் 2 இரண்டிலும் இருக்கிறது. வீட்டிலேயே செருகி வைத்து விளையாடுபவர்கள் அதைப் போட்டுவிடலாம்.

துணைப்பொருள்களில் சார்ஜர்தான் முதலில். ஸ்டீம் டெக்குக்கு 45 வாட், ராக் அல்லைக்கு 65 வாட். ஸ்விட்சைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கில் வைக்க 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தேவை. வீட்டில் ஃபோனோடு வந்த 80 வாட் சார்ஜர் இருக்கிறதே என்று பலர் நினைப்பார்கள். அந்த 80 வாட் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஃபோனோடு மட்டும் பேசிக்கொள்ளும் தனி மொழி. கைக்கருவிகள் பேசுவது யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொதுமொழி. அதில் 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகள் உண்டு, கருவியும் சார்ஜரும் பேசி ஒரு படியில் உடன்படும். பொதுமொழி தெரியாத 80 வாட் சார்ஜர் 10 வாட்டையே கொடுக்கும். கருவி 20 வாட் இழுத்துக்கொண்டிருந்தால், செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். சார்ஜரின் பின்புறம் பொடி எழுத்தில் 'பிடி' என்றும் 15, 20 வோல்ட் வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேபிளும் முக்கியம். 60 வாட் வரை சாதாரண சி-முனைக் கேபிள் தாங்கும், அதற்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

பவர் பேங்க்கில் 20000 என்று போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 74 வாட்-மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட் மாற்றும் இழப்பு போக 60 கைக்கு வரும். ஸ்டீம் டெக் ஓலெட்டை ஒருமுறை நிரப்பி மிச்சம் இருக்கும், ஸ்விட்சை மூன்று முறைக்கு மேல் நிரப்பலாம். விமானத்தில் 100 வாட்-மணி வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம், கைப்பையில் மட்டும்.

மெமரி கார்டில் போலிகள் நிறைய. 512 ஜிபி என்று கணினியில் காட்டும், உள்ளே 32 தான் இருக்கும். 32-ஐத் தாண்டி எழுதும்போது பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், ஒருநாள் சேமித்த விளையாட்டெல்லாம் காணாமல் போகும். வாங்கிய அன்றே கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. சில மணி நேரம் ஆகும், ஆனாலும் செய்துவிடுங்கள். சாதாரணக் கார்டின் வேக உச்சம் நொடிக்கு சுமார் 100 எம்பி. முதல் ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் அதற்கு மேல் பயன்படுத்த முடியாததால், 190, 200 என்று அச்சிட்ட கார்டுக்கு அதிகம் கொடுக்காதீர்கள். ஸ்விட்ச் 2-இல் மட்டும் விதி வேறு. அதில் விளையாட்டைச் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும், பழைய கார்டிலிருந்து படங்களையும் காணொளிகளையும் எடுக்க மட்டுமே முடியும்.

டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவது நல்லது. அட்டையில் இருக்கும் '9எச்' என்பது பென்சில் கடினத்தின் அளவு. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவில் 9 என்று எண்ணிக்கொண்டு மணலில் வைத்துவிடாதீர்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, கண்ணாடியைக் கீறக்கூடியது. ஸ்விட்ச் ஓலெட்டின் திரைமேல் தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய படலம் ஒன்று இருக்கும், உடைந்தால் கண்ணாடி சிதறாமலிருக்க. கடைக்காரர் பழக்கத்தில் அதை உரிக்கப் போவார், தடுங்கள்.

காதில் மாட்ட கம்பியுள்ள இயர்ஃபோனே சிறந்தது. சாதாரண புளூடூத்தில் ஒலி 150, 200 மில்லி நொடி பின்தங்கும். வாள் பட்டபின் சத்தம் கேட்கும். கெட்டியான பவுச் ஒன்று அவசியம், ஸ்டிக்குகள் எதிலும் அழுந்தாதபடி உள்ளே குழிவு இருக்க வேண்டும். கை நிறையப் பிடிக்க உதவும் கிரிப், பெரிய கை உள்ளவர்களுக்கு ஸ்விட்சில் நல்ல மாற்றம் தரும். ஒட்டிவைக்கும் விசிறி, பிளாஸ்டிக் ஸ்டீயரிங், இருபது பொருள் அடங்கிய காம்போ பெட்டி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் காசில் நல்ல விளையாட்டு ஒன்று வாங்கலாம்.

கைமாறிய கருவி வாங்குவதில் தவறில்லை, பத்து நிமிடம் சோதிக்க வேண்டும். அமைப்புகளில் ஸ்டிக் சோதனைப் பக்கத்தைத் திறந்து விரலை எடுங்கள், புள்ளி நடுவில் நிற்க வேண்டும். வெள்ளைப் படத்தை முழுத்திரையில் வைத்துத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் முனையை லேசாக அசைத்துப் பார்க்கையில் இணைப்பு அறுபடக் கூடாது. திரை விளிம்பு எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் பிள்ளைகளிடமிருந்து கருவியை வாங்கிப் பீரோவில் பூட்டுவது நம் வீடுகளின் வழக்கம். பூட்டுகிறவர்கள் பாதிச் சார்ஜில் வைத்து, உறக்க நிலையில் விடாமல் முழுவதும் அணைத்துவிட்டுப் பூட்டுங்கள். நெடுநாள் காலியாகக் கிடந்த பேட்டரி பிறகு சார்ஜ் ஏற மறுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்கிறது நிண்டெண்டோ. தேர்வு முடிய அதற்கும் மேல் ஆகுமென்றால், நடுவில் ஒருமுறை எடுத்து ஏற்றிவிட்டு மறுபடி பூட்டிக்கொள்ளுங்கள்.